கனவுக்குக் கட்டளையிட்டால் கேட்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கனவுகள் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். கனவு காணும்போதே 'இது கனவு' என்று தெரிந்துகொள்வது, தெரிந்ததும் அந்தக் கனவை நம் விருப்பப்படி கொண்டுபோவது, அதாவது லூசிட் ட்ரீமிங், இதற்கு ஒரு தமிழ் நாளிதழ் முக்கால் பக்கம் ஒதுக்கியதில் எனக்கு மகிழ்ச்சிதான். கல்லூரிக் காலத்திலிருந்தே எனக்கு அப்படிப்பட்ட கனவுகள் வருவதுண்டு, அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தும் வருகிறேன். ஆனால் நான் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள். திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே அந்தப் பக்கம் நாலாக மடிக்கப்பட்டு என் மேசைக்கு வந்துவிட்டது. "மிஸ், டெய்லி ராத்திரி மூணு மணிக்கு அலாரம் வெச்சா போதுமாம், ஒரே வாரத்துல நெனச்சதெல்லாம் கனவுல நடத்தலாமாம், நெசமா?" என்று கேட்டார்கள். கட்டுரை அப்படித்தான் சொல்கிறது. 'கனவின் ரிமோட் இனி உங்கள் கையில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் பற்றியும், தினசரி அலாரத்தைப் பற்றியும், கடைசிப் பத்தியில் வரும் மாத்திரையைப் பற்றியும் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

முதலில், விஷயம் உண்மை. இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்தே சொல்கிறேன். நாம் தெளிவாகக் கனவு காண்பது பெரும்பாலும் ரெம் உறக்கத்தில். மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக உருளும் இந்த நிலையை 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அந்த நேரத்தில் கைகால் தசைகளை மூளை கட்டிப்போட்டுவிடும், இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து எழுந்து ஓடுவான். மூச்சுக்கான தசைகளும் கண் தசைகளும் மட்டும் கட்டுப்படாது. இங்கிலாந்தில் கீத் ஹெர்ன் என்ற ஆய்வாளர் பிடித்துக்கொண்டது இந்தக் கண்களைத்தான். 1975 ஏப்ரலில் ஹல் பல்கலைக்கழக உறக்க ஆய்வகத்தில், அடிக்கடி இப்படிக் கனவு காணும் ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம், கனவு என்று தெரிந்தவுடன் கண்களை இடமும் வலமுமாக இத்தனை முறை அசைக்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார். வொர்ஸ்லி உறங்கினார், மூளை அலைகள் ரெம் உறக்கம் என்றே காட்டின, பதிவுத்தாளில் சொன்னபடியே இடம், வலம், இடம், வலம் என்று கோடு ஏறி இறங்கியது. உறங்குகிற ஒரு மனிதன் கனவுக்குள்ளிருந்து வெளியே தகவல் அனுப்பியிருக்கிறான்! வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே புல்லரிக்கும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியாக இதே வழியைக் கண்டுபிடித்து 1981இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார், அதன் பிறகுதான் அறிவியல் உலகம் இதை நம்பத் தொடங்கியது. மனிதர்களுக்கு இந்த அனுபவம் ஒன்றும் புதிதில்லை. உறங்கும்போதே 'இது கனவு' என்று உள்ளிருந்து ஏதோ சொல்வதுண்டு என்று அரிஸ்டாட்டில் எழுதி வைத்திருக்கிறார், திபெத்திய பௌத்தத் துறவிகள் கனவு யோகம் என்று இதை ஒரு சாதனையாகவே பயின்று வருகிறார்கள்.

அப்புறம் 2021இல் வந்த ஆய்வு. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து என நான்கு நாட்டு ஆய்வுக்குழுக்கள் சேர்ந்து, கனவில் இருப்பவர்களிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்கினார்கள். எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்று உறங்குகிறவரிடம் கேட்க, அவர் கண்களை இரண்டு முறை இடம் வலமாக அசைத்துப் பதில் சொன்னார். கேட்ட குரல் சிலருக்குக் கனவுக்குள் இருக்கும் ரேடியோவில் யாரோ பேசுவதுபோல வந்ததாம். உங்கள் கட்டுரை இந்த ஆய்வைச் சொல்கிறது, சந்தோஷம். ஆனால் அதிலேயே இருக்கும் இன்னொரு எண்ணையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். கனவில் இருப்பதாக அடையாளம் காட்டியவர்களிடம் மொத்தம் 158 முறை கேள்வி கேட்டுப் பார்த்ததில் சரியான பதில் வந்தது 18.4 சதவீதம்தான். பாதிக்கும் மேல் எந்தப் பதிலும் இல்லை. ஆய்வகத்தில், பயிற்சி பெற்றவர்களோடு, நிபுணர்கள் பக்கத்தில் உட்கார்ந்து செய்தபோதே நிலைமை இதுதான் என்றால், பதினாறு வயதுப் பையனிடம் ரிமோட் உன் கையில் என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஏனென்றால் கனவு என்று தெரிவது வேறு, கனவை நடத்துவது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. ஐம்பது ஆண்டுக்கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான கணக்குப்படி, சுமார் 55 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது கனவு என்று தெரிந்தே கனவு வந்திருக்கிறது, மாதம் ஒருமுறையோ அதற்கு மேலோ வருகிறவர்கள் 23 சதவீதம். அவர்களில் எத்தனையோ பேருக்குத் தெரிவதோடு சரி, கதை அதுபாட்டுக்கு ஓடும். நான் கண்டவரை கனவில் நம் கட்டளை செல்லாது, எதிர்பார்ப்புதான் செல்லும். பயந்த மாட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் ஓரடி நகராது, புல்கட்டோடு முன்னால் நடந்தால் தானாகப் பின்னால் வரும், அந்த மாதிரி.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இறந்துபோன என் பாட்டியைக் கனவில் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. கனவு என்று தெரிந்ததும் முற்றத்தின் நடுவில் நின்று 'வா, வா' என்று வெற்றிடத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. முற்றம் மங்கலாகும், தூண்கள் கரையும், விழித்துவிடுவேன். பலித்தது எப்படி என்றால், 'பாட்டி அடுப்படியில்தானே இருக்கும்' என்று சாதாரணமாக நினைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக் கதவைத் தள்ளியபோதுதான். கதவு திறப்பதற்கு முன்பே உள்ளேயிருந்து அந்தச் செருமல் கேட்டுவிட்டது. மணைப்பலகையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தது, காம்புகள் ஒரு பக்கம், இலைகள் முறத்தில். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நானாகக் கற்பனை செய்திருந்தால் கீரையை நினைத்தே இருக்க மாட்டேன். நான் போட்டது கதவுக்குப் பின்னால் பாட்டி இருக்கும் என்ற நம்பிக்கை மட்டும்தான், மீதியையெல்லாம் கனவே செய்து கொடுத்தது. அதனால்தான் அனுபவசாலிகள், கண்ணுக்கு நேரே எதையும் வரவழைக்கப் பார்க்காதே, ஒரு கதவையோ தெருமுனையையோ தேடிக்கொண்டு அதற்கு அந்தப்பக்கம் இருப்பதாக எதிர்பார்த்துப் போ என்கிறார்கள். பறப்பதும் இப்படித்தான், 'விழுந்துவிடுவோமோ' என்று ஒரு நொடி தோன்றினால் போதும், உடம்பு கனத்துத் தென்னை உயரத்திலிருந்து மின்கம்பி உயரத்துக்கு வந்துவிடும், அப்புறம் கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். இருட்டறையில் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியாமல் போவது கனவில் பலருக்கும் நடக்கிறது, ஹெர்ன் இதைத் தனியாகவே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

தெரிந்தவுடன் வரும் சந்தோஷமே கனவைக் கலைத்துவிடும் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. முதல் தடவை பலருக்கும் சில நொடிதான் கிடைக்கும். அப்போது கனவிலேயே இரண்டு உள்ளங்கைகளையும் தேய்க்க வேண்டும், தேய்ப்பின் சூடு தெரியும்வரை, அல்லது நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்ற வேண்டும். லபெர்ஜ் சோதித்துச் சொன்ன வழிகள் இவை. கனவு உடம்பின் உணர்ச்சியில் கவனம் நிலைத்திருக்கும்வரை கட்டிலில் கிடக்கும் உடம்பின் பக்கம் மனசு போகாது என்பது அவர் சொல்லும் காரணம். அதேபோல, கனவில் ஐந்து நிமிடம் என்பது வெளியே ஒரு நொடி என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். கனவுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லி, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கண்ணால் அடையாளம் காட்ட வைத்து அளந்திருக்கிறார்கள், விழித்திருக்கும்போது எண்ண ஆகும் நேரம்தான் கிட்டத்தட்ட ஆகிறது. ஆக, பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி கனவில் முழுப் பாடத்தையும் திருப்பிப் பார்த்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம்.

பழக விரும்புகிறவர்களைத் தடுக்கச் சொல்லி நான் இதை எழுதவில்லை. முறையாகப் பழகட்டும். தலையணைக்கு அருகில் ஒரு நோட்டு, விழித்ததும் புரளாமல் கண்ணை மூடியபடியே கனவை நினைவுக்குக் கொண்டுவந்து எழுதுவது, இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ட கனவே நினைவில் நிற்காதவருக்கு, கனவு என்று தெரிந்தே கனவு வந்தும் என்ன பயன்? எழுத எழுத, திரும்பத் திரும்ப வருவது எது என்று பிடிபடும், எனக்குத் தண்ணீர் நிறைந்த வகுப்பறை. பகலில் அவ்வப்போது, மனசார, 'இது கனவா?' என்று கேட்டுச் சோதிக்க வேண்டும். மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்துப் பார்ப்பது நல்ல சோதனை, கனவில் மூக்கைப் பிடித்திருந்தாலும் காற்று சுகமாக உள்ளே போகும். பெயர்ப்பலகையை ஒருமுறை படித்து, முகத்தைத் திருப்பி மறுபடி படிப்பது இன்னொன்று, கனவில் எழுத்து அநேகமாக மாறியிருக்கும். கடனே என்று செய்தால் கனவிலும் கடனே என்றுதான் செய்வோம், அதனால் ஒவ்வொரு முறையும் உண்மையிலேயே சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும்.

கட்டுரையில் வரும் மூன்று மணி அலாரம் என்பது லபெர்ஜ் வகுத்த முறையின் அரைகுறை வடிவம். படுத்து ஐந்து மணி நேரம் போல உறங்கியபின் எழுந்து, அப்போது கண்ட கனவை நினைத்துப் பார்த்து, 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவு என்று நினைவு வைத்துக்கொள்வேன்' என்று மனதுக்குள் சொல்லி, அதே கனவுக்குள் 'இது கனவு' என்று தெரிந்துகொள்வதாகக் கற்பனை செய்தபடியே மறுபடி உறங்க வேண்டும். அலாரத்தைவிட இந்த நினைப்புதான் முக்கியம். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியான ஆய்வில் இதைப் பகல் சோதனைகளோடும் அதிகாலை அலாரத்தோடும் சேர்த்து ஒரு வாரம் செய்து பார்த்தவர்களுக்கு 17 சதவீதம்தான் பலித்தது. மனதுக்குள் சொல்லி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிப்போனவர்களுக்கு மட்டும் அது 46 சதவீதத்தை ஒட்டி வந்தது. சட்டென்று மறுபடி உறங்க முடிகிறவர்களுக்கே இது ஒத்துவரும், மூன்று மணிக்கு எழுந்ததும் போனைக் கையில் எடுக்கிற பிள்ளைக்கு ஒத்துவராது.

இங்கேதான் எனக்குக் கவலை. ரெம் உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், ஆனால் முதல் சுற்றில் சில நிமிடம்தான், விடிய விடியத்தான் நீளும். அதாவது நல்ல கனவுகள் உறக்கத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் குவிந்து கிடக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகள் ட்யூஷன் முடித்து வீட்டுப்பாடம் முடித்துப் படுக்கவே பதினொன்றரை ஆகிறது, காலை ட்யூஷனுக்கு ஐந்து மணிக்கு எழுகிறார்கள். அவர்களுடைய கனவு நேரத்தை ஏற்கெனவே நாம் வெட்டி எடுத்துவிட்டோம். மிச்சம் இருப்பதன் நடுவிலும் தினமும் ஒரு அலாரம் வைத்தால் என்ன மிஞ்சும்? கனவு வேண்டும் என்றால் பிள்ளைகள் செய்ய வேண்டியது ஒரு மணி நேரம் முன்னதாகப் படுப்பதுதான். அலாரம் சோதனையெல்லாம் மறுநாள் லீவு என்றால் போதும், அதுவும் வயது வந்தவர்களுக்கு.

இன்னொன்றும் நடந்தது. உடம்பை அசைக்காமல் விழிப்பிலிருந்து நேராகக் கனவுக்குள் போகும் முறை என்று ஒன்றைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தீர்கள். அதை முயன்ற ஒரு பையன் வியாழக்கிழமை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான், முகமே சரியில்லை. விடியற்காலையில் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்து அழுத்தியதாம், கத்தப் பார்த்தால் குரல் வரவில்லையாம், கதவோரம் ஒரு ஆள் நின்றதாம். அவன் அம்மா அமுக்குவான் பேய் என்று சொல்லித் திருநீறு பூசி விட்டிருக்கிறார். நான் அவனை உட்கார வைத்து, ரெம் உறக்கத்தில் தசைகள் கட்டுண்டிருக்கும் என்று பாடத்தில் பார்த்தோமே, அந்தக் கட்டு அவிழ்வதற்குள் உன் மூளை விழித்துக்கொண்டது, கண் திறந்திருக்கிறது ஆனால் கனவும் முழுசாகப் போகவில்லை, அதனால்தான் ஆள் தெரிந்தது, மூச்சு நிற்காது, சில நொடியிலோ ஓரிரு நிமிடத்திலோ தானாக விலகிவிடும், அடுத்த முறை வந்தால் பதறாமல் கால் கட்டைவிரலை மட்டும் அசைக்கப் பார் என்று சொன்னேன். உறக்கம் கெட்டால் இது அடிக்கடி வரும் என்றும் சொன்னேன். "அப்போ பேய் இல்லையா மிஸ்?" என்றான். இல்லை என்றேன். இந்த விளக்கம் அந்தப் பெட்டிச் செய்தியிலேயே இரண்டு வரியாக இருந்திருந்தால் அந்தப் பிள்ளை அத்தனை நாள் விளக்கை எரியவிட்டுப் படுத்திருக்க மாட்டான்.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். 'கேலண்டமைன் எடுத்துக்கொண்டால் விரைவில் பலன் கிடைக்கும்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார் கட்டுரையாளர். அது அல்சைமர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் மருந்து. லபெர்ஜ் குழு 121 பேரிடம் செய்த ஆய்வு 2018இல் வெளியானது உண்மை, 8 மில்லிகிராம் எடுத்த இரவில் 42 சதவீதம் பேருக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த இரவில் 14 சதவீதம் பேருக்கும் கனவு என்று தெரிந்தே கனவு வந்தது என்பதும் உண்மை. ஆனால் அவர்கள் ஏற்கெனவே இதில் ஆர்வத்தோடு பயிற்சி எடுத்தவர்கள், மாத்திரையோடு நடு இரவில் எழுந்து செய்யும் பயிற்சியும் சேர்ந்தே இருந்தது. அந்த மருந்து குமட்டல், வாந்தி தரும், இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா இருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டியது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து என்ற ஒரு வாக்கியம்கூட இல்லாமல் இதை எப்படி அச்சிட்டீர்கள் என்று உண்மையிலேயே எனக்குப் புரியவில்லை.

இவ்வளவு சொன்னபின், கட்டுரை தொடாமலே விட்ட ஒன்று. கனவில் பறப்பதைவிட, கடலுக்கடியில் நடப்பதைவிட, இது யாருக்கு அவசியம் தேவை என்றால் கெட்ட கனவால் ராத்திரியைக் கண்டாலே பயப்படுகிறவர்களுக்குத்தான். என் சித்தி மகன் ஒரு பேருந்து விபத்தில் தப்பியவன். எலும்பெல்லாம் கூடிய பிறகும், கண்ணாடி உடையும் அந்தச் சத்தத்தோடு அதே கனவு வந்துகொண்டே இருந்தது, உறங்கப் போகவே மாட்டான், வாசல் திண்ணையில் உட்கார்ந்து லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பான். மனநல மருத்துவர் ஒருவர் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ரொம்பச் சாதாரணமான ஒன்று. பகலில், நன்றாக விழித்திருக்கும்போது, அந்தக் கனவை எழுது, முடிவை உனக்குப் பிடித்தபடி மாற்று, மாற்றியதைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப்பார். அவன் மாற்றியது என்ன தெரியுமா, டிரைவர் டீக்கடையில் வண்டியை ஓரம் கட்டுவார், எல்லோரும் இறங்கிப் பஜ்ஜி சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். கனவு உடனே நின்றுவிடவில்லை, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டது, ஒருநாள் கனவிலேயே வண்டி ஓரம் கட்டியது. இந்த முறையைப் பாரி கிராகோ என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கெட்ட கனவுகளால் துன்பப்பட்ட 168 பெண்களிடம் சோதித்து 2001இல் வெளியிட்டது, நல்ல பலன் கிடைத்தது. இதற்குக் கனவு என்று தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை, விழிப்பில் செய்யும் ஒத்திகையே போதும்.

கனவு என்று தெரிகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஜெர்மன் உளவியலாளர் பால் தோலி, துரத்தும் உருவத்தோடு சண்டை போடாதே, ஓடவும் செய்யாதே, நின்று அதன் பக்கம் திரும்பி 'நீ யார்?' என்று கேள் என்றார். நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். வகுப்பறைத் தண்ணீருக்குள் எதுவோ காலைப் பிடித்து இழுக்கும், குனிந்து கேட்டதும் பிடி தளர்ந்தது. ஓடும்போது கனவும் வேகம் பிடித்துத் துரத்துகிறது, நின்றால் அதற்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் போகிறது. இதையும் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட மாட்டேன். எது நிஜம், எது பிரமை என்ற குழப்பம் ஏற்கெனவே உள்ளவர்கள், அதற்கு மருந்து எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பழக்கத்துக்குள் வரக்கூடாது.

ஆகவே ஐயா, என் கோரிக்கை இதுதான். அந்த மாத்திரை வரிக்கு அடுத்த இணைப்பிலேயே ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் சின்ன எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள். தினசரி அலாரத்தைப் பள்ளிப் பிள்ளைகள் முயல வேண்டாம் என்று அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மனநல மருத்துவரைக் கொண்டு கெட்ட கனவுகளுக்கான ஒத்திகை முறையை விரிவாக எழுத வையுங்கள், எத்தனை நிமிடம், எந்த நேரம், எவ்வளவு மோசமானால் மருத்துவரிடம் போக வேண்டும் என்ற விவரத்தோடு. வந்தால் எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் நானே ஒட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நீண்ட நாள் வாசகி,
உயிரியல் ஆசிரியை,
கும்பகோணம்.